வீட்டிலே மாம்பழ ஐஸ்கிறீம்

"மணம் இருந்தது, இனிப்பும் இருந்தது, ஆனால் கரண்டியை ஊன்றியபோது கரண்டி வளைந்ததேயன்றி ஐஸ்கிறீம் இளகவில்லை." மாம்பழக் காலம் வந்ததும் நம் இல்லத்தரசிகளிடமிருந்து தவறாது எழும் முறைப்பாடு இது. பாலையும் சீனியையும் பழத்தையும் கலந்து குளிர்சாதனப் பெட்டியின் உறையறையில் வைத்துவிட்டால் ஐஸ்கிறீம் ஆகிவிடும் என்று நம்பி முயன்றவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மஞ்சள் நிறக் கல்லொன்றுதான். அதனைக் கண்ட பிள்ளைகள் மறுநாள் கடை ஐஸ்கிறீமைத் தேடிப் போவர். முற்றத்து மாமரத்தின் கீழோ நல்ல பழங்கள் விழுந்து அழுகிக் கிடக்கும். ஆகவே இவ்வாரம் அக்கல்லின் காரணத்தையும் அதற்குரிய பரிகாரத்தையும் ஆராய்வோம். இயந்திரம் எதுவும் வாங்கவேண்டியதில்லை. காரணம் விளங்கிவிட்டால் செய்முறை மிகவும் இலகுவானது.

குற்றவாளி நீரே. மாம்பழச் சதையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் நீர் உண்டு. பசுப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். இவ்விரண்டையும் கலந்து அசையாமல் குளிரில் வைத்தால், அந்நீர் மெல்ல மெல்லப் பெரிய பனிப்பளிங்குகளாக உறைந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். நாவிலே நறநறவென்று படுவன அப்பளிங்குகளே. நல்ல ஐஸ்கிறீமிலும் பளிங்குகள் இல்லாமலில்லை. ஆனால் அவை நாவுக்குப் புலனாகாத அளவு நுண்ணியவை. அவற்றினிடையே கொழுப்புத் துணிக்கைகளும், காற்றுக் குமிழிகளும், உறையாத சீனிக் கரைசலும் நின்று அவை ஒன்றுசேராமல் தடுக்கின்றன. வீட்டிலே நாம் செய்யவேண்டியதும் இதுவே. முதலில் நீரைக் குறைக்கவேண்டும்; எஞ்சிய நீரை விரைவாக உறையச் செய்யவேண்டும்; கலவைக்குள்ளே காற்றை அடைத்துவைக்கவேண்டும். இவற்றுள் நீரைக் குறைத்தலே தலையாயது. பெரும்பாலோர் கவனியாது விடுவதும் அதுவே.

முதலிற் பழத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் கிடைக்குமாயின் வேறொன்றையும் தேடவேண்டாம். சதை திரண்டு, நார் குறைந்து, இனிப்பும் மணமும் ஒருங்கே நிறைந்த பழம் அது. பழுத்த பின்னரும் அதன் தோலிற் பச்சை முற்றாக நீங்குவதில்லையாதலால் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், காம்படியை முகர்ந்து, விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து எடுக்கவேண்டும். விலாட்டும் ஏற்றதே. அம்பலவியும் குறைவில்லை. நார் மிகுந்த பழந்தான் கைவசம் உண்டெனின் அதனை ஒதுக்கவேண்டியதில்லை; பிசைந்த களியை அரிதட்டில் இட்டு அகப்பையால் தேய்த்து வடித்துக்கொண்டாற் போதும். ஆனால் முற்றாத புளிப்புப் பழத்தை எடுத்துச் சீனியால் ஈடுசெய்யலாம் என்று எண்ணுதல் வீண். மணமில்லாத பழம் உறைந்த பின் மேலும் மணமிழக்கும்.

தேவையானவை ஐந்தே. பழக்களி 500 கிராம். இதற்குப் பருமனான பழங்கள் இரண்டு அல்லது மூன்று வேண்டும். ரின்பால் 300 கிராம். நுரைக்க அடிக்கக்கூடிய கிறீம் 400 மில்லிலீற்றர். தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. உப்பு எதற்கென்று கேட்பவர்கள் ஒருமுறை போட்டும் ஒருமுறை போடாமலும் செய்து உண்டு பார்க்கட்டும்.

பழக்களியில் முக்காற் பங்கை அகன்ற தாச்சியில் இட்டு இளந்தீயில் வைத்து, அடிப்பிடியாமல் கிளறிக்கொண்டே வற்றச் செய்யவேண்டும். கால் மணி நேரம் முதல் இருபது நிமிடம் வரை செல்லலாம். அகப்பையால் தாச்சியின் அடியிற் கோடு இழுத்தால் அக்கோடு உடனே மூடாமல் ஒரு கணம் தெரியவேண்டும், அதுவே பதம். ஐஸ்கிறீமைக் கல்லாக்கவிருந்த நீரில் ஒரு பெரும் பகுதி இவ்வாறு ஆவியாகிப் போய்விடுகின்றது. எல்லாக் களியையும் காய்ச்சிவிட்டால் என்னவென்று கேட்கலாம். தீயிற் பட்ட மாம்பழத்திற்கு ஒருவகை யாமின் மணம் வந்துவிடும். புதுப்பழத்தின் மணம் போய்விடும். எனவேதான் காற்பங்கைப் பச்சையாக நிறுத்திவைத்து, காய்ச்சிய களி நன்றாக ஆறிய பின்னர் அதனோடு கலக்கின்றோம். தேசிக்காய்ச் சாற்றையும் உப்பையும் அப்பொழுதே சேர்த்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்துக் குளிரச் செய்க. சூடு தணியாத களியைக் கிறீமுடன் சேர்த்தால் பட்ட பாடெல்லாம் வீணாகும்.

கிறீமைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளிற் பெட்டிகளில் விற்கப்படும் எல்லாக் கிறீமும் நுரைத்து எழுவதில்லை. கொழுப்பு நூற்றுக்கு 30 பங்குக்குக் குறைந்த சமையற் கிறீமை எவ்வளவு அடித்தாலும் அது நீராகவே நிற்கும். 35 பங்கு அளவில் உள்ளதே இதற்கு உகந்தது. பெட்டியின் மேலுள்ள எழுத்தை வாசித்து வாங்குவது நன்று. நம் நாட்டு வெப்பத்தில் இன்னுமொரு கவனம் வேண்டும். கிறீமை மட்டுமன்றி, அதனை அடிக்கும் பாத்திரத்தையும் கம்பிக்கரண்டியையும் அரை மணி நேரமாவது குளிரில் வைத்தெடுக்கவேண்டும். கொழுப்பு குளிர்ந்து இறுகியிருந்தாற்றான் காற்றுக் குமிழிகளைத் தாங்கி நிற்கும். மென்மையான கூம்பு எழும் வரை அடித்தால் நிறுத்திவிடுக. ஆசைப்பட்டு மேலும் அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும். அதனைப் பாணுக்குப் பூசலாமேயன்றி ஐஸ்கிறீமுக்கு ஆகாது.

இனி, குளிர்ந்த பழக்களியையும் ரின்பாலையும் ஒன்றாகக் கலந்து, அதிலே நுரைத்த கிறீமை மூன்று தடவையாகச் சேர்க்கவேண்டும். அகப்பையைப் பாத்திரத்தின் அடியால் விட்டு மேலே மடித்து மடித்துக் கலக்கவேண்டுமேயன்றிச் சுழற்றி அடித்தலாகாது. அடைத்த காற்று வெளியேறிவிடும். இப்பொழுது சிறிது நாவில் வைத்துப் பார்த்தால் இனிப்புச் சற்றுக் கூடியதுபோலத் தோன்றும். அஞ்சவேண்டாம். குளிர் நாவின் சுவையுணர்வை மங்கச் செய்யும். உறைந்த பின் அளவாகவே இருக்கும்.

கலவையை ஆழமான பாத்திரத்தில் ஊற்றாமல், தட்டையான உலோகப் பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்திற்கு மேற்படாமல் ஊற்றுக. உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்தும். தட்டையாயிருந்தால் நடுப்பகுதியும் விரைவில் உறையும். விரைவாக உறைந்தாற் பளிங்கு சிறியதாக அமையும். மேற்பரப்பில் எண்ணெய்த்தாளொன்றைப் படிய வைத்து மூடி, உறையறையிற் பின்புறமாக எட்டு மணி நேரம் வைத்துவிடுக. இரவில் வைத்தால் மறுநாட் பகலுணவின் பின் பரிமாறலாம். ஏறக்குறையப் பத்துப் பேருக்குப் போதும்.

கிறீம் எல்லா வீட்டுக்கும் கட்டுபடியாகும் பொருளன்று. அதன் விலையைக் கேட்டு மனந்தளர்வோருக்கு மற்றொரு வழி உண்டு. நம் தாய்மார் முன்பு செய்த வழியும் அதுவே. பசுப்பால் 500 மில்லிலீற்றரில் சிறிதளவை எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் கட்டியின்றிக் கரைத்துக்கொள்க. எஞ்சிய பாலை ஆறு மேசைக்கரண்டி சீனியுடன் கொதிக்கவைத்து, சோளமாக் கரைசலை ஊற்றிக் கிளறிக் கூழ்ப்பதமானதும் இறக்கி ஆறவிடுக. காய்ச்சிய பழக்களி ஒரு கோப்பையைச் சேர்த்து உறையவைக்கவேண்டும். சோளமாவின் மாப்பொருள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் இங்கே காற்றைத் தாங்கும் கிறீம் இல்லையாதலால் அவ்வேலையைக் கை செய்யவேண்டும். ஓரங்கள் உறையத் தொடங்கியதும், அதாவது முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, வெளியே எடுத்து முள்ளுக்கரண்டியால் நன்றாக அடித்து மீண்டும் வைக்கவேண்டும். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்தால் கரண்டிக்கு இசையும். சோம்பலின்றிச் செய்தவர்களுக்கு இது கிறீம் சேர்த்த ஐஸ்கிறீமுக்கு அதிகம் பின்னிற்பதில்லை. பசுப்பாலுக்குப் பதிலாகத் தேங்காயின் முதற்பாலைச் சேர்ப்போரும் உளர். அதன் கொழுப்பு ஐஸ்கிறீமை மிருதுவாக்கும். மாம்பழத்தோடு அதன் மணமும் நன்கு பொருந்தும்.

விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு எல்லாவற்றினும் மலிவான வழி வாழைப்பழமே. நன்கு கனிந்த நான்கு பழங்களை வட்டமாக வெட்டி இரவு முழுவதும் உறையவைத்து, மறுநாள் பிளெண்டரில் இட்டு அரைத்தால் முதலில் துகளாகும், பின்னர் கட்டியாகும், அதன் பின்னர் திடீரென்று வெண்ணெய் போலத் திரளும். பால் வேண்டாம், சீனியும் வேண்டாம். உடனே உண்டுவிடவேண்டும், மீண்டும் வைத்தால் இறுகிவிடும்.

மற்றப் பழங்களைப் பற்றியும் கேள்விகள் எழும். கொடித்தோடம்பழம் மிக உகந்தது. அதன் சாறு சிறிதளவே போதும் என்பதால் நீரும் சிறிதளவே சேர்கின்றது. அதன் புளிப்பு ரின்பாலைத் தானாகவே தடிக்கச் செய்யும். அன்னாசியிலோ ஓர் எச்சரிக்கை தேவை. பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதியம் உண்டு. அது பாலைச் சேர்ந்தால் சிறிது நேரத்திற் கசப்பேறும். ஆகையால் அன்னாசியைச் சீனியுடன் கொதிக்கவைத்து ஆறிய பின்னரே சேர்க்கவேண்டும். கொதிப்பில் நொதியம் செயலிழந்துவிடும். வத்தகப்பழத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நீர். அதனை வெட்டித் தட்டில் வைத்து உண்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

உறையறை இல்லாத வீடுகளில் என்ன செய்வது? மின்சாரம் தோன்றுமுன்னரும் மக்கள் ஐஸ்கிறீம் உண்டனர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். 1843 ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த நான்சி ஜோன்சன் என்னும் பெண்மணி, கையாற் சுழற்றி ஐஸ்கிறீம் செய்யும் கருவிக்கு உரிமம் பெற்றார். வெளியே மரவாளி, உள்ளே உலோகக் குவளை, இடையிலே உப்பும் பனிக்கட்டியும். அக்காலத்திற் பனிக்கட்டியே பெரும் செல்வம். 1833 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்து கப்பலேறிய பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்து இறங்கியது. பின்னர் சென்னைக்கும் வந்தது. அங்கே அதனைச் சேமித்துவைத்த கட்டிடம் கடற்கரையோரம் இன்றும் நிற்கின்றது. 1897 ஆம் ஆண்டில் கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாக இந்தியா திரும்பிய சுவாமி விவேகானந்தர் சென்னையில் தங்கியிருந்தது அக்கட்டிடத்திலேதான். இப்பொழுது அது விவேகானந்தர் இல்லம் எனப்படுகின்றது.

அந்த மரவாளியின் தத்துவத்தை விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சிறிய பால்மா ரின் ஒன்றைக் கழுவி, குளிர்ந்த கலவையால் அரைவாசி நிரப்பி, நீர் புகாதபடி மூடுக. அகன்ற வாளியில் நொறுக்கிய பனிக்கட்டி 1 கிலோவுக்கு உப்பு 300 கிராம் என்னும் அளவிற் கலந்து, அதன் நடுவே ரின்னை வைத்து இருபது முப்பது நிமிடம் இப்புறமும் அப்புறமுமாகச் சுழற்றுக. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டி நடுவே தள்ளவேண்டும். பனிக்கட்டி ஒரு கிராம் உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். உப்புச் சேர்ந்ததும் உறைநிலை தாழ்கின்றது. பனிக்கட்டி உருகத் தலைப்படுகின்றது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து கவர்ந்துகொள்கின்றது. உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்த கலவை பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை செல்சியஸ் வரையும் இறங்க வல்லது. அக்குளிரில் வெறுங்கையை வைத்திருத்தல் ஆபத்து. தடித்த துணியைச் சுற்றிக்கொள்க. மீன் சந்தையில் வாங்கிய பனிக்கட்டியாயின் ஒரு துளியும் ரின்னுக்குள் செல்லாமற் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இனி, நம் வீடுகள் பலவற்றில் மனத்தாங்கலுக்கு இடமாகும் ஒரு விடயத்துக்கு வருவோம். நீரிழிவு உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சீனியைக் குறைத்து ஐஸ்கிறீம் செய்யலாமா? மருமகள் அன்போடு சீனியைப் பாதியாக்கிச் செய்வாள், அது கல்லாகும், பிள்ளைகள் முகஞ்சுளிப்பர், மாமியார், "எனக்காக எல்லாரும் கெடவேண்டுமா?" என்று தட்டைத் தள்ளிவைப்பார். சீனி இனிப்புக்காக மட்டும் இருப்பதன்று. நீர் முழுவதும் உறைந்துபோகாமற் தடுப்பது அதுவே. அதனை நீக்கினால் மென்மையும் நீங்கும். அன்றியும் மேலே சொன்ன முறையிற் சீனியைத் தனியாகச் சேர்க்கவில்லை என்று எவரும் ஏமாறவேண்டாம். ரின்பாலில் அரைவாசிக்கு மேல் வெல்லப்பொருளே. மாம்பழச் சதையிலும் 100 கிராமுக்கு 14 கிராம் அளவில் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால், பத்துப் பங்காகப் பிரித்த ஐஸ்கிறீமில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 24 கிராம் வரும். ஆறு தேக்கரண்டிச் சீனிக்கு அது ஒப்பாகும்.

எமது கருத்து இது: எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைக் கெடுத்துச் செய்வதிலும், நல்லதாகச் செய்து அளவாகக் கொடுப்பது மேல். பெரியவருக்கு இரண்டு கரண்டி சிறிய கிண்ணத்தில், உணவின் பின், அன்றைய சோற்றைச் சற்றுக் குறைத்துக் கொடுக்கலாம். அதற்கும் அவருடைய வைத்தியரின் சம்மதம் வேண்டும். தனியே ஒரு தட்டில் வேறு பண்டம் வைத்து அவரை ஒதுக்கிவிடுவதைக் காட்டிலும், எல்லாரும் உண்பதில் ஒரு சிறு பங்கு அவருக்கும் இருப்பது மனத்துக்கு இதமளிக்கும். வைத்தியர் கூடாதென்றால் கூடாதுதான். அன்று மற்றவர்களும் அவர் முன்னே உண்ணாதிருக்கலாம்.

கடை ஐஸ்கிறீமை நாம் வெறுப்பவர்களல்லர். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சுவாமி தரிசனம் முடித்து, குடும்பத்தோடு ஐஸ்கிறீம் உண்டு வீடு திரும்பும் இன்பத்தை யார் விட்டுக்கொடுப்பார்? ஆயினும் மஞ்சள் நிறமும் மாம்பழ மணமும் இருந்தால் உள்ளே மாம்பழம் இருக்கின்றது என்பது பொருளன்று. சாயமும் எசன்சும் அவ்வேலையைச் செய்துவிடும். விற்பனைக்கு வருவனவற்றுட் சிலவற்றில் பாற்கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்புச் சேர்க்கப்படுவதும் உண்டு. பொதியிலுள்ள சேர்மானப் பட்டியலை வாசிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வீட்டிலே செய்ததை ஒருமுறை உண்ட பிள்ளை வேறுபாட்டைத் தானே சொல்லும்.

சுகாதாரம் பற்றிச் சில சொற்கள். பழைய சமையற் குறிப்புகள் சில பச்சை முட்டையை அடித்துச் சேர்க்கச் சொல்லும். அது வேண்டாம். முட்டையில் சல்மொனெல்லா என்னும் பற்றீரியா இருக்கக்கூடும். உறையறையின் குளிர் அதனைக் கொல்வதில்லை, உறங்க மட்டுமே வைக்கின்றது. பசுப்பாலைக் காய்ச்சாமற் சேர்த்தலும் அவ்வாறே தவறு. மீனும் இறைச்சியும் உள்ள உறையறையில் வைக்கும்போது இறுக மூடிவைக்கவேண்டும். கொழுப்பு அயல் மணத்தை விரைவில் ஈர்த்துக்கொள்ளும்.

மின்வெட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றதை நம்மில் எவரும் மறந்திருக்கமாட்டோம். அத்தகைய நாள் மீண்டும் வந்தால் உறையறையின் கதவைத் திறந்து திறந்து பார்த்தலாகாது. நிறைந்திருக்கும் உறையறை மூடியபடி இருந்தால் இரண்டு நாள் வரையும், பாதி நிறைந்தது ஒரு நாள் வரையும் குளிரைக் காக்கும். ஆனால் ஐஸ்கிறீம் மற்றப் பொருள்களுக்கு முன்னரே இளகத் தொடங்கும். சற்று இளகியிருக்கையில் மின்சாரம் நீண்ட நேரம் வராதென்று தெரிந்தால், அயல் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து அன்றே பகிர்ந்து உண்டுவிடுங்கள். முற்றாக உருகி வெப்பத்தில் நின்றுவிட்டதாயின் அதனை மீண்டும் உறையவைத்துக் கொடுத்தல் கூடாது; எவ்வளவு பாடுபட்டுச் செய்ததாயினும் கொட்டிவிடவேண்டும். கெடாமல் இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திராதீர்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் சிறிது உருகி மீண்டும் உறைவதால் பளிங்குகள் பெருத்துவிடும்.

பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னதாக வெளியே எடுத்துவைத்து, கரண்டியை வெந்நீரில் தோய்த்து எடுத்தால் அழகாகச் சுருண்டு வரும். அடுத்த வாரம் எஞ்சிய மாம்பழங்களைக் கொண்டு ஓராண்டு வைத்திருக்கக்கூடிய பழப்பாகு செய்யும் முறையைக் கூறுவோம்.